பதினான்காம் கேள்வி

படிவம் பிறந்த நாட்டில் மொத்த சனமே
எங்கள் ஜில்லாவில் பாதிதானாம்.
கடலுக்குள் காற்றாலை நட்டிருக்கிறார்கள்,
முப்பதாம் வருஷத்துக்குள் பாதி,
ஐம்பதுக்குள் முழுசும் வெயிலும் காற்றும்தான் என்று
சட்டமே எழுதிவிட்டார்கள் என்றார்
ஓவர்சியர் பிரமோதன்,
தன் மச்சான் வீட்டைச் சொல்வதுபோல.

அவர்கள் பாஷையிலிருந்து இங்கிலீஷாகி
திருவனந்தபுரத்தில் மலையாளமாகி
கொழிஞ்சாம்பாறை கரண்டு ஆபீசுக்கு
நூற்றைம்பது பிரதி வந்தது.
தமிழ் வீடுகளுக்கு நான் வாயால் தமிழாக்க வேண்டும்.
வீட்டுக்கு இருபத்திரண்டு ரூபாய்.
குடை என் செலவு.

ஆறுச்சாமிக்கு வீடும் தோப்பும் கேரளத்தில்,
கிணறு மட்டும் வேலி தாண்டித் தமிழ்நாட்டில்.
மோட்டார் அங்கே காசில்லாமல் ஓட
தண்ணீர் இங்கே வந்து தென்னைக்குப் பாய்கிறது.
'நீங்கள் உபயோகிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?'
"எந்தக் கரண்டைக் கேக்கறீங்க அம்மிணி?" என்றவர்
கொஞ்சம் யோசித்து
"எழுதாம விட்டா என்னாகும்?" என்றார்.

மஸ்கட்டிலிருந்து திரும்பிய அமலதாஸ் வீட்டில்
மொட்டைமாடி முழுக்கக் கறுப்புப் பலகைகள்.
"பில்லு வருதுங்க, ஆனா மைனஸ்ல வருது."
அந்தச் சந்தோஷத்தில் மூன்று ஏசி வாங்கியிருக்கிறார்.
மூன்றும் ஓடின.
அவர் வாசலில் நின்று பேசினார்.
'சிக்கனம்' கட்டத்தில் டிக் போடச் சொன்னார், போட்டேன்.
மோர் நன்றாக இருந்தது.

நாலு வீட்டு லைனில் கடைசி, ரங்கநாயகி.
கள்ளுக்கடை அடுக்களையில் மீன் பொரிக்கிறவள்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே
என் பேனா மையே இளகி வழிந்தது.

எத்தனை விளக்கு?
"ரெண்டு. ஒண்ணு எரியும்."

பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றிவிட்டீர்களா?
"புதுசு குடுத்தா மாத்தறேன். பழசும் நீங்களே குடுக்கோணும்."

பதினாலாம் கேள்வியை நான் இரண்டு தடவை படித்தேன்.
'குளிர்காலத்தில் அறையை
நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் சூடாக்குகிறீர்கள்?'

அவள் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினாள்.
"குளிர்காலத்துக்கு எனக்குத் தெரியலீங்க.
இப்போன்னா, காலையில ஒம்பதுக்குப் பத்த ஆரம்பிக்கும்,
ராத்திரி ஒண்ணு வரைக்கும் தணியாது.
அதுக்குக் காசு கேக்கறதில்ல."

எழுதினேன்: பதினாறு மணி நேரம்.
எரிபொருள்: சூரியன்.
புதுப்பிக்கத்தக்கது எத்தனை சதவீதம்: நூறு.
ஐம்பதாம் வருஷத்து இலக்கை
ரங்கநாயகி முன்கூட்டியே எட்டிவிட்டாள்.

கடைசியில் ஒரு கட்டளை.
மாத உபயோகத்தில் இருபது சதவீதம் குறைக்க
நானே வழி சொல்ல வேண்டும்.
அவள் மாதம் பதினொரு யூனிட்.
மின்விசிறியைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
"மூணு மணிக்கு மேல வாளையார்ப் பக்கமிருந்து காத்து வரும்.
அப்ப நிறுத்திப்போடறேன்" என்றாள்,
திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி.

இரண்டு வாரம் கழித்துப் பிரமோதன் கூப்பிட்டார்.
மேலே கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வீடு
முதலிடத்தில் நிற்கிறதாம்.
'இந்தக் குடும்பம் கையாளும் தொழில்நுட்பம் யாது?'
விளக்கம் வெள்ளிக்கிழமைக்குள்.
அவர் என் முகத்தையே பார்த்தார்,
நான் நாட்காட்டியைப் பார்த்தேன்.

போனேன்.
கூரை மேல் சாக்குகள் விரித்துக் கிடந்தன,
நனைந்து, ஓரங்களில் சொட்டிக்கொண்டு.
"அன்னைக்கு நீங்க பதினாறுன்னு எழுதிட்டுப் போனீங்களா,
வெக்கமாப் போச்சு. இப்ப பதினொண்ணுதான்.
பழசை அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க."

தண்ணி எங்கிருந்து?
"ஆறுச்சாமியண்ணன் வாய்க்கால்ல ஒரு குடம்,
மத்தியானம் ஒரு குடம்."

தொழில்நுட்பம் என்ற கோட்டில்
சாக்கு என்று எழுதி,
பக்கத்தில் ஈரம் என்றும் சேர்த்தேன்.

இருட்டிவிட்டது, பஸ் வரவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் காற்றாலைத் தலைகளில்
சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன.
இந்தப் பக்கம் கரண்டு போயிருந்தது.
ரங்கநாயகி கதவைத் திறந்துவைத்து
மீன் வாடையோடு வாசலில் உட்கார்ந்தாள்.
"இதையும் கணக்குல சேத்திக்குவாங்களா?
கரண்டு இல்லாத நேரத்தை?"